ரேண்டம் விழுந்த வயல்

திண்டுக்கல்லில் அப்போது ஒரு ஆபீஸ் இருந்தது. சுற்றுவட்டாரத்தில் எவ்வளவு நெல் விளைகிறது என்று கண்டுபிடித்து மெட்ராஸுக்கு எழுதுவது அதன் வேலை. விளைவிக்கிற வேலை கிடையாது. ஆகவே அங்கே யார் கால்சட்டையிலும் ஒரு பொட்டுச் சேற்றைப் பார்க்க முடியாது. விளைச்சல் கணிப்பு ஆபீஸ் என்று வாசலில் பலகை தொங்கியது. உள்ளே மேலே ஒரு மின்விசிறியும் அதற்கு நேர் கீழே உதவி டைரக்டர் முத்துச்சாமியும் இருந்தார்கள். இரண்டில் விசிறி வேலை செய்தது.

அரிசிக்கு நாடே திண்டாடிக்கொண்டிருந்த அறுபத்து நாலாம் வருஷம் அந்த ஆபீஸுக்கு ஒரு வார்த்தை வந்து சேர்ந்தது. கணக்குப் புத்தகத்தில் வருகிற இங்கிலீஷ் வார்த்தை. ரேண்டம். பயிற்சி என்று மெட்ராஸுக்குப் போய், கடற்கரையையும் பார்த்துவிட்டு வந்த இன்ஸ்பெக்டர் பாஸ்கல்தான் அதைக் கொண்டுவந்தார்.

வார்த்தையின் பொருள் ஒன்றும் பிரம்மவித்தை இல்லை. எல்லா வயலையும் அளக்க ஆள் கிடையாது. நாலைந்து வயலை அளந்து பார்த்து, அதை வைத்து வட்டாரம் முழுவதற்கும் கணக்குச் சொல்லலாம். ஆனால் அந்த நாலைந்தை மனிதர் யாரும் பார்த்துப் பொறுக்கக் கூடாது. அதற்கென்று அச்சடித்த எண் புத்தகம் இருக்கிறது. அதைத் திறந்தால் என்ன எண் வருகிறதோ, அந்த எண்ணுள்ள வயல். ஏழை வயலுக்கும் வரலாம், பணக்காரன் வயலுக்கும் வரலாம். இதை யோசித்துக் கண்டுபிடித்த கணக்கு வல்லுநர்கள் யோக்கியமானவர்கள் என்றுதான் நினைக்கிறேன். அவர்களுக்குத் திண்டுக்கல் ஆபீஸைப் பற்றித் தெரிந்திருக்க நியாயமில்லை.

சேவுகம்பட்டிக்கு அந்தப் பக்கம் வேலாங்குளம் என்று ஒரு ஊர். அங்கே ஒச்சப்பனுக்கு ரோட்டோரம் ஒன்றரை ஏக்கர் கிணற்று நிலம். ஆனி மாசத்திலிருந்து மாடு கட்டிக் கமலை இறைத்து, கடன் வாங்கி உரம் போட்டு, புரட்டாசிப் பாதியில் நெல் தலைசாய்ந்து நின்றது. வருஷத்துச் சோறும் அதுதான், அடுத்த விதையும் அதுதான். மேற்கே மலைமேல் மேகம் கூட ஆரம்பித்திருந்தது. ஐப்பசி மழை பிடித்தால் விடாது. அதற்குள் அறுத்துக் களத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும் என்று ஒச்சப்பனும் அவன் பெண்டாட்டி அய்யம்மாளும் அறுப்புக்கு ஆள் பேசி முடித்த அன்று சாயங்காலம், சர்க்கார் தகவலை ஊர்களுக்குச் சொல்கிற கிராம சேவக் நல்லுசாமி சைக்கிளில் வந்து இறங்கினான்.

"ஒச்சப்பண்ணே, நாளைக்கு அறுப்பாம்ல?"

"ஆமா தம்பி. மேக்க மேகம் எறங்குது. ரெண்டு நாளைல கதிர களத்துல போட்டுட்டா நிம்மதி."

"அறுக்கக் கூடாதுண்ணே. ஒங்க வயல்ல ரேண்டம் விழுந்திருக்கு."

அய்யம்மாள் அடுப்படியிலிருந்து எழுந்து வந்தாள். "என்னது விழுந்துச்சு? இப்பத்தானப்பா குருவி வெரட்டிட்டு வாரேன். ஒண்ணும் விழுகலையே."

"அது கண்ணுக்குத் தெரியாது மதினி. ஆபீஸ்ல விழும்."

"ஆபீஸ்ல விழுந்தா ஆபீஸ அறுக்காம இருக்கட்டும். எங்க வயலுக்கு என்ன?"

நல்லுசாமி நல்ல பையன். பதில் தெரியாதபோது சத்தத்தைக் கூட்டத் தெரியாது. "எனக்கு அம்புட்டுத்தான் சொன்னாங்க மதினி. ஆபீசருங்க வந்து வயல்ல ஒரு சென்ட் அளவு எடத்தக் கயிறு போட்டு, அதுல வெளஞ்சத மட்டும் அறுத்து நிறுத்துப் பாப்பாங்க. அதுவரைக்கும் கத்தி வைக்கக் கூடாது. வச்சா கேஸ்." கேஸ் என்ற சொல்லை மட்டும் அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

மறுநாள் ஒச்சப்பன் அறுப்பு ஆட்களுக்குச் சமாதானம் சொல்லிவிட்டு, துவைத்த வேட்டியைக் கட்டிக்கொண்டு திண்டுக்கல்லுக்கு பஸ் ஏறினான். இன்ஸ்பெக்டர் பாஸ்கல் அவனை மரியாதையாகவே நிற்க வைத்தார்.

"நீதான் ஒச்சப்பனா? கொடுத்து வச்சவன்யா நீ. இந்த வட்டாரத்துல எத்தனை ஆயிரம் வயல் இருக்கு! அம்புட்டையும் தாண்டி ஒன் வயல்ல வந்து விழுந்திருக்கு பாரு."

"எப்பிடி சார் விழுந்துச்சு?"

யாரும் கேட்காத கேள்வியைக் கேட்டுவிட்டான். பாஸ்கலுக்கு உற்சாகம் தாங்கவில்லை. மேஜையிலிருந்த எண் புத்தகத்தை எடுத்து, ஜெபப் புத்தகத்தைப் போல இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"இதத் தொறந்தா எண் வரும். அது கடவுள் சித்தம் மாதிரி. மனுஷன் கை இல்ல. முதல் எண் யாருக்கு விழுந்துச்சு தெரியுமா? ஒங்க ஊர் பிரசிடெண்ட் பொன்னழகு வயலுக்கு. பெரிய மனுஷர். அவர் வயல்ல போயி நாம கயிறு போட்டா நல்லாவா இருக்கும்? அதனால அடுத்தத எடுத்தோம். அது சுடுகாடு. அடுத்தது கம்மாய்க்குள்ள விழுந்துச்சு. அதுக்கடுத்தது நல்ல வயல்தான், ஆனா ஜீப்பு போகாது. நாங்க விட்டமா? எடுத்துக்கிட்டே இருந்தோம். கடைசியா விழுந்துச்சு பாரு ஒன் வயலு! ரோட்டோரம். வரப்புல தென்னமரம். நெழலும் இருக்கு, எளனியும் இருக்கு. ரேண்டம்னா இப்பிடி அமையணும்."

"அப்ப எல்லா வயலுக்கும் ஒண்ணு போல இல்லையா சார்?"

"ஒண்ணு போலத்தான். எல்லாத்தையும் ஒண்ணு போல நல்லாப் பாத்துட்டுத்தான் ஒனக்குக் குடுத்தோம்."

ஒச்சப்பன் சண்டைக்காரன் இல்லை. அவனுக்குத் தெரிந்ததெல்லாம் மேகம் இறங்குவது ஒன்றுதான். "சார், ஒங்களுக்கு வேண்டியது ஒரு சென்ட்டு. மூலைல அம்புட்டு எடத்த விட்டுட்டு மத்தத நான் அறுத்துக்கிறேன். நீங்க என்னைக்கு வேணாலும் வாங்க."

பாஸ்கல் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எந்த எடத்த விடுவ? எந்த எடம்னு எங்களுக்கே தெரியாதே! வயலுக்கு வந்து புத்தகத்த விரிச்சு, அதுல வர்ற எண்ணுக்கு எந்த எடமோ அதுதான். முன்னாடியே தெரிஞ்சா அதுக்குப் பேரு ரேண்டம் இல்ல. ஆகையினால வயல் முழுக்க நிக்கணும்."

"அப்ப நாளைக்கே வந்துருங்க சார்."

அது பாஸ்கலின் கையில் இல்லை. அவர் அவனை உள்ளறைக்கு அழைத்துக்கொண்டு போனார். உதவி டைரக்டர் முத்துச்சாமி ஒரு குடியானவனை ஆபீஸுக்குள் பார்த்தது அதுதான் முதல் தடவை போலிருந்தது. ஆனாலும் கோபப்படவில்லை. பேச ஆள் கிடைத்தால் அவர் யாரிடமும் பேசுவார்.

"ஏம்ப்பா, தேதி கேக்கிறியாமே? மெட்ராஸ்லேர்ந்து டைரக்டரே நேர்ல வந்து ரேண்டம் அறுப்ப ஆரம்பிச்சு வைக்கப்போறார். அவர் வர்ற தேதிதான் தேதி. ஒனக்கு இதோட மகிமை தெரியல. நான் சர்க்கார் உத்தியோகத்துக்கு வந்து இருபத்தஞ்சு வருஷமாச்சு. இத்தன காலமும் எதச் செஞ்சாலும் நீ ஏன் செஞ்ச, யாரக் கேட்டுச் செஞ்சன்னு மேலேர்ந்து கேள்வி. இப்ப வந்துச்சு பாரு ரேண்டம்! ஒன் வயல யாரு தேர்ந்தெடுத்தா? நான் இல்ல. பாஸ்கல் இல்ல. டைரக்டர் இல்ல. யாருமே இல்ல. நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆனா யாரு பொறுப்பு? யாருமே இல்ல! இப்பிடி ஒரு நிர்வாகத்துக்காகத்தான் நான் காத்துக்கிட்டிருந்தேன்."

சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. ஒச்சப்பன் கும்பிட்டுவிட்டு பஸ் ஏறினான்.

அடுத்த வாரம் ஆபீஸ் வேலாங்குளத்துக்கு வந்தது. டைரக்டர் வரவில்லை, அவர் வருவதற்கான ஏற்பாடு வந்தது. ஜீப்பிலிருந்து சுண்ணாம்பு மூட்டை, மூங்கில், கயிறு, தோரணத்துக்கு வண்ணக் காகிதம், கடைசியாகப் பாஸ்கல் எல்லாம் இறங்கின. தென்னை நிழல் விழுகிற பக்கமாக, ரோட்டிலிருந்து எட்டிப் பார்த்தால் தெரிகிற தூரத்தில், கொஞ்சம் செழிப்பாக நின்ற கதிர்களைச் சுற்றி நாலு முளைக்குச்சி அடித்தார்கள். குச்சிக்குச் சுண்ணாம்பு பூசினார்கள். ரோட்டோரம் வாழைமரம் கட்டி வளைவு வைத்தார்கள். வளைவின் மேலே 'ரேண்டம் வயல்' என்று சிவப்பில் எழுதி, கீழே 'தொடாதே' என்று கறுப்பில் எழுதினார்கள்.

ஒச்சப்பன் அந்த நாலு குச்சியையே பார்த்துக்கொண்டிருந்தான். "சார், எந்த எடம்னு யாருக்கும் தெரியக் கூடாதுன்னீங்க?"

"தெரியாது."

"குச்சி அடிச்சிருக்கீங்களே சார்."

"அது டைரக்டர் நிக்கிறதுக்குத் தோதான எடம். அவருக்கு மூட்டுவலி, ரொம்ப தூரம் நடக்க மாட்டார். அன்னைக்கு எல்லார் முன்னாடியும் புத்தகத்தத் தொறப்பேன். எண் வரும். அந்த எண்ணுக்கு இந்த எடம்தான் வரும்."

"வேற எண் வந்துட்டா?"

"வராது. அந்தப் பக்கத்த மடிச்சு வச்சிருக்கேன்."

ஒச்சப்பனுக்கு உயிர் வந்தது. "அப்பச் சரி சார்! அதான் எடம் தெரிஞ்சுபோச்சே. அத விட்டுட்டு மத்தத அறுத்துக்கிறேன்."

"கெடுத்தியே காரியத்த! ஒரு சென்ட்டுல மட்டும் பயிர் நின்னா டைரக்டருக்குச் சந்தேகம் வராதா? முன்கூட்டியே முடிவு பண்ணிட்டீங்களான்னு கேட்டா நான் என்ன சொல்றது? வயல் முழுக்க நின்னாத்தான் எடம் யாருக்கும் தெரியாதுன்னு அர்த்தம்."

இதற்கு மேல் விளக்கம் கேட்க ஒச்சப்பனுக்குத் தைரியமில்லை. கேட்டாலும் புண்ணியமில்லை. அன்று சாயங்காலம் போவதற்கு முன் ஆபீஸ் ஆட்கள் ரோட்டிலிருந்து குச்சி வரைக்கும் டைரக்டர் நடப்பதற்காகப் பயிருக்கு நடுவே பாதை அறுத்தார்கள். கத்தி வைத்தால் கேஸ் என்று சொன்ன அதே வயல். அது அறுப்பு ஆகாது, ஏற்பாடு. அறுத்த கதிரைச் சிந்தாமல் கட்டி ஜீப்பில் வைத்துக்கொண்டார்கள்.

டைரக்டர் வரவில்லை. திங்கட்கிழமை என்றார்கள், அப்புறம் வெள்ளி என்றார்கள், அப்புறம் கொடைக்கானலில் ஏதோ மாநாடு, முடித்துக்கொண்டு இறங்குகிற வழியில் வருவார் என்றார்கள். நெல் யாருக்கும் காத்திருக்கவில்லை. முற்றிய மணிகள் உதிர ஆரம்பித்தன. குருவி கூட்டமாக இறங்கியது. நாலு குச்சிக்குள் குருவி வரக் கூடாதென்று ஆபீஸ் ஒரு காவல் ஆளைப் போட்டிருந்தது. அவன் சர்க்கார் சென்ட்டிலிருந்து விரட்டிய குருவியெல்லாம் ஒச்சப்பன் பங்கில் போய் உட்கார்ந்தன. அய்யம்மாள் வரப்பில் உட்கார்ந்து உதிர்ந்ததை முந்தியில் பொறுக்கினாள்.

ஐப்பசி பிறந்து இரண்டாம் நாள் காலையில் மேற்கே இருட்டிக்கொண்டு வந்தது. அய்யம்மாள் அரிவாளை எடுத்தாள்.

"ஏய்யா, நீ வாரியா, இல்ல நான் மட்டும் போகவா?"

"கேஸ் போட்டுருவாங்கடி."

"போடட்டும். ஜெயிலுக்குப் போனா அங்கயாச்சும் சோறு போடுவாங்க. இந்த நெல்லு போச்சுன்னா எங்க போயிச் சோறு திம்ப?"

ஒச்சப்பன் தயங்கிப் பின்னால் நடந்தான், தெருவில் நாலைந்து பெண்கள் அவளோடு சேர்ந்துகொண்டார்கள். அவர்களும் வயல் வைத்திருந்தவர்கள்தான். கீழ்மூலையில் குனிந்து நாலு கைப்பிடிகூட அறுத்திருக்க மாட்டார்கள், பிரசிடெண்ட் பொன்னழகு காவல் ஆளோடு வந்துவிட்டார். அவர் நெல் பத்து நாளைக்கு முன்பே அறுபட்டு, பாதி அடித்து வீட்டிலும் பாதி அடிக்காமல் கதிர்ப்போரிலுமாகப் பத்திரமாக இருந்தது.

"ஏலே ஒச்சப்பா, பொம்பளைய விட்டு என்னலே வேல பாக்குற? ஊருக்கே ஒரு பெரும வந்திருக்கு. சர்க்கார் போர்டு வச்ச வயல்ல கத்தி வச்சா அது ஊரையே கேவலப்படுத்துறது. ஆத்தா, எல்லாரும் கரையேறுங்க. எவ எவ பேரு கேஸ்ல வரணும்னு சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

பெண்கள் ஒவ்வொருத்தியாகக் கரையேறினார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. அய்யம்மாள் மட்டும் இன்னும் கொஞ்சம் அறுத்தாள். ஒச்சப்பன் போய் அவள் கையிலிருந்து அரிவாளை வாங்கினான். வாங்கும்போது அவன் அழுதுகொண்டிருந்தான். அதைப் பார்த்த பிறகுதான் அவள் விட்டாள்.

அன்று மத்தியானம் பிடித்த மழை நாலு நாள் விடவில்லை. பயிர் அப்படியே படுத்தது. வரப்பை உடைத்துத் தண்ணீர் ஏறி நின்றது. தண்ணீருக்குள் கிடந்த கதிர் ஒவ்வொரு மணியிலும் பச்சையாக முளை விட்டது. ஊரில் இன்னும் பல வயல்களுக்கு இதே கதி, ஆனால் அந்த வயல்காரர்களாவது பாதியை முன்னால் அறுத்திருந்தார்கள். ஒச்சப்பனுக்கு ஒரு படி இல்லை. வாழைமர வளைவு மட்டும் சாயாமல் நின்றது. தண்ணீர் அதற்கு நன்றாக ஒத்துக்கொண்டது.

மழை விட்ட மறுநாள் தந்தி வந்தது. டைரக்டர் வருகிறார்.

முத்துச்சாமியும் பாஸ்கலும் முதல்நாளே வந்து வரப்பில் நின்றார்கள். நாலு குச்சிக்குள்ளும் குழம்பாகக் கிடந்தது. பாஸ்கலுக்கு மனசாட்சி என்று ஒன்று இருந்தது. பயிற்சியில் கொடுத்திருப்பார்கள் போலிருக்கிறது. "சார், விழுந்த எடத்துல என்ன இருக்கோ அதத்தான் அறுக்கணும். இதுல ஒண்ணுமே தேறாது. சைபர்னுதான் எழுதணும்."

"சைபரா?" முத்துச்சாமி குடையை மாற்றிப் பிடித்துக்கொண்டார். "மத்த வயல நாம எங்க அளந்தோம்? இந்த ஒரு வயல வச்சுத்தான் வட்டாரம் முழுக்கக் கணக்கு. இங்க சைபர்னா வட்டாரமே சைபர். திண்டுக்கல் பக்கம் நெல்லே விளையலன்னு மெட்ராஸுக்கு எழுதவா? போன வருஷத்தவிடக் கூடன்னு நான் ஏற்கெனவே எழுதியாச்சு."

"அப்ப என்ன சார் செய்றது?"

"பக்கத்துல யாராவது நல்ல கதிரா வச்சிருக்காங்களா பாரும்."

பிரசிடெண்ட் பொன்னழகின் கதிர்ப்போரிலிருந்து இரண்டு வண்டிக் கதிர் வந்தது. குச்சிக்குள் தண்ணீரை வடித்து, கதிர்களைக் கற்றை கற்றையாகக் கட்டி, அடியில் மூங்கில் சிம்பு வைத்து நிறுத்தி நட்டார்கள். ஒரு சென்ட் இடத்தில் அரை ஏக்கர் விளைச்சல் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றது. ஒச்சப்பன் அதைத் தன் வயலில் நின்று பார்த்தான். இப்படி ஒரு கதிரை அவன் ஆயுசில் கண்டதில்லை.

"இது எங்க கதிர் இல்லையே சார்," என்றான் பாஸ்கலிடம்.

பாஸ்கல் சாய்ந்திருந்த ஒரு கற்றையை நிமிர்த்தி வைத்தார். பிறகு அவருக்கே ஒரு தெளிவு பிறந்தது. "வண்டிக்காரங்கிட்ட இந்தக் கதிரக் கொண்டா, அந்தக் கதிரக் கொண்டான்னு நான் பொறுக்கிச் சொன்னனா? போர்ல கைக்கு வந்தத அள்ளிக்கிட்டு வான்னேன். அதுவும் ரேண்டம்தான்."

டைரக்டர் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தார். நாகஸ்வரம் வாசித்தார்கள். பாஸ்கல் எல்லார் முன்னிலையிலும் எண் புத்தகத்தைத் திறந்தார், அது மடித்த இடத்தில் திறந்தது. வெள்ளிப்பூச்சுப் பூசிய அரிவாளால் டைரக்டர் ஒரு கற்றையை அறுத்தபோது மூங்கில் சிம்பும் சேர்ந்து கையோடு வந்தது. அவர் அதைக் கீழே போட்டுவிட்டுப் பேசினார்.

"பெரியோர்களே, குடியானவப் பெருமக்களே! இந்த வயலின் சொந்தக்காரர் யார் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் விரும்பவில்லை. அதுதான் விஞ்ஞானம். நாம் மனிதர்களைப் பார்ப்பதில்லை, எண்களைத்தான் பார்க்கிறோம். வரும் வழியெல்லாம் சில வயல்கள் தண்ணீரில் கிடந்ததை ஜீப்பிலிருந்து கவனித்தேன். சாதாரண மனிதன் அதைப் பார்த்து மனம் கலங்கியிருப்பான். நான் கலங்கவில்லை. ஏனென்றால் அந்த வயல்கள் ரேண்டமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவை அல்ல!"

முத்துச்சாமி முதலில் கைதட்டினார். பிறகு எல்லாரும் தட்டினார்கள். யாருடைய வயல் என்று தெரிந்துகொள்ள விரும்பாத டைரக்டர், நிகழ்ச்சி நிரலில் இருந்ததால் ஒச்சப்பனுக்கு மாலை போட்டார். நெல்லை அங்கேயே அடித்து நிறுத்தார்கள். வந்த எடையை ஏக்கருக்குப் பெருக்கி, ஏக்கரை வட்டாரத்துக்குப் பெருக்கினார்கள். பாஸ்கல் இரண்டு தடவை போட்டுப் பார்த்தார். அந்தக் கணக்குப்படி திண்டுக்கல் வட்டாரம் மட்டுமே மெட்ராஸ் ராஜ்யத்துக்குச் சோறு போட்டுவிட்டு இலங்கைக்கும் கொஞ்சம் அனுப்பலாம்.

அடித்த நெல்லும் வைக்கோலும் திரும்ப வண்டியேறிப் பொன்னழகு களத்துக்குப் போயின. மாலை ஒச்சப்பனிடம் இருந்தது. வீட்டில் ஆடு கிடையாது, இருந்திருந்தால் அதற்காவது உபயோகப்பட்டிருக்கும்.

மெட்ராஸில் அந்தக் கணக்கைப் படித்தவர்கள் மடையர்கள் இல்லை. இவ்வளவு நெல் விளைந்திருந்தால் சந்தைக்கு ஏன் வரவில்லை என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. அதற்கு ஒரே பதில்தான் இருந்தது, குடியானவர்கள் பதுக்குகிறார்கள். கார்த்திகையில், சர்க்காருக்குக் கட்டாய நெல் வசூலிக்கிற லெவி தாசில்தார் போலீஸோடு வேலாங்குளம் வந்தார். ரேண்டம் வயல்காரன் வீடு எது என்று கேட்டுக்கொண்டு நேராக ஒச்சப்பன் வீட்டில் நுழைந்தார். அடையாளம் காட்டப் பாஸ்கலும் கூட வந்திருந்தார்.

நெல் கொட்டிவைக்கிற குலுக்கைக்குள் கை விட்டார்கள், காலி. பானைகளைக் கவிழ்த்தார்கள். அடுப்பை இடித்தார்கள். வீட்டுக்குள் தரையைக் கடப்பாரையால் கிளறினார்கள். கடைசியில் ஒரு ஓலைப்பெட்டியில் முளைவிட்டுக் காய்ந்து கறுத்த நெல் கொஞ்சம் கிடைத்தது. தாசில்தார் அதை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"மீதி எங்கே?"

"அம்புட்டுத்தான் சாமி," என்றாள் அய்யம்மாள். "மழைல போச்சு. பாஸ்கல் சாருக்கே தெரியும். கேளுங்க."

பாஸ்கல் கூரையைப் பார்த்தார். "கணக்குப்படி இங்க ஆயிரம் மூட்டையாவது இருக்கணும் சார்."

ஒச்சப்பனுக்கு வாழ்க்கையில் முதல் தடவையாகச் சத்தம் எழும்பியது. "ஏஞ் சார், அது எங்க கதிரா? பிரசிடெண்ட் போர்லருந்து கொண்டாந்து நட்டு வச்சீங்களே! எங்க ரெண்டு கண்ணால பாத்தமே! நெல்லு வேணும்னா அவரு வீட்டுல போயித் தேடுங்க. என் வயல்ல என்ன வெளஞ்சுச்சுன்னு எனக்குத் தெரியாதா?"

"ஒனக்கு எப்பிடித் தெரியும்?" பாஸ்கல் மெதுவாகத்தான் சொன்னார். அவருக்கே சங்கடமாக இருந்திருக்கலாம். "ரேண்டம் விழுந்ததுக்கப்புறம் அது ஒன் வயல் இல்லப்பா. வட்டாரத்துல உள்ள அத்தன வயலுக்கும் அது பிரதிநிதி. அதப் பத்தி ஒரு தனி ஆள் அபிப்பிராயம் சொல்ல முடியாது."

"பிரசிடெண்ட் வீடு?" என்று அய்யம்மாள் தாசில்தாரைக் கேட்டாள்.

"அவர் வயலில் ரேண்டம் விழவில்லையேம்மா. விழாத வயலில் என்ன விளைந்தது என்று சர்க்காருக்கு எப்படித் தெரியும்? தெரியாததை எப்படித் தேடுவது?"

அவரைப் பார்த்தால் கேலி செய்கிறவராகத் தெரியவில்லை. ஒச்சப்பனை ஜீப்பில் ஏற்றினார்கள். அய்யம்மாள் ஜீப்பின் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு ஊர் எல்லை வரைக்கும் ஓடினாள். நல்லுசாமிதான் அவள் கையை விடுவித்து, "பேசி விட்டுருவாங்க மதினி" என்று சொல்லித் திருப்பிக் கூட்டிவந்தான்.

ஆபீஸில் இன்னொரு யோசனை நடந்துகொண்டிருந்தது. வட்டாரத்தில் எத்தனை பதுக்கல்காரர்கள் பிடிபட்டார்கள் என்று மெட்ராஸ் கேட்டிருந்தது. தாசில்தார் கையில் ஒருவன்தான் இருந்தான். ஒவ்வொரு ஊராகப் போய்த் தேட ஆளும் இல்லை, பெட்ரோலும் இல்லை என்று அவர் வந்து சொன்னபோது, முத்துச்சாமி சிரித்தே விட்டார்.

"எதுக்கு சார் தேடணும்? நெல்ல நாம எப்பிடி எண்ணினோம்? ஒரு எடத்த அறுத்தோம், பெருக்கினோம். இந்த ஆளும் ரேண்டமா விழுந்தவன்தானே? பெருக்கிட்டாப் போச்சு."

பெருக்கினார்கள்.

மூன்றாம் நாள் மத்தியானம் அய்யம்மாள் தூக்குச்சட்டியில் கேப்பைக் கூழை ஊற்றி எடுத்துக்கொண்டு, ஒச்சப்பனை வைத்திருந்த ஸ்டேஷனுக்குப் புறப்பட்டாள். பஸ்ஸுக்குக் காத்திருக்கையில் டீக்கடையில் ஒருவர் பேப்பரை உரக்க வாசித்துக்கொண்டிருந்தார். திண்டுக்கல் வட்டாரத்தில் நெல் பதுக்கிய எண்ணூற்று நாற்பது பேர் பிடிபட்டு ரிமாண்டில் இருக்கிறார்கள், அதிகாரிகளின் திறமையை மேலிடம் பாராட்டியிருக்கிறது. அய்யம்மாள் தூக்குச்சட்டியின் மூடியை அழுத்தி மூடிக்கொண்டாள். அத்தனை பேர் நெருக்கியடிக்கிற இடத்தில் அவனுக்கு உட்காரவாவது இடம் கிடைத்திருக்குமா, இந்தக் கூழ் அவன் வாய்க்குப் போய்ச் சேருமா என்று பஸ்ஸில் போகிற வழியெல்லாம் அவளுக்கு அதே நினைப்பு.

ஸ்டேஷனில் சத்தமே இல்லை. வாசலில் ஒரு கான்ஸ்டபிள் பெஞ்சில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். அவள் அவரைத் தாண்டிப் போய்க் கம்பிக்குள் பார்த்தாள். சுவரோரமாக முழங்காலைக் கட்டிக்கொண்டு ஒச்சப்பன் உட்கார்ந்திருந்தான். அவள் கம்பியைப் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எட்டிப் பார்த்தாள்.

"ஏய்யா, எண்ணூறு பேருன்னு பேப்பர்ல படிச்சாக. மத்த ஆளுகள்லாம் எங்க?"

ஒச்சப்பன் தலையைத் தூக்காமல் சொன்னான்:

"அம்புட்டுப் பேரும் நான்தான் புள்ள."